குவானாஹுவாத்தோவை வழிகாட்டியோடு நடந்து பார்ப்பது பலன் தருமா?

மெக்சிகோவின் இந்த வெள்ளிச் சுரங்க நகரத்துக்கு வழிகாட்டி தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவைதான். ஊர் பள்ளத்தாக்குக்குள் சந்துசந்தாக ஏறி இறங்குகிறது. வண்டிகள் பல நிலத்தடிச் சுரங்கச் சாலைகளில் ஓடுகின்றன. போன் வரைபடம் மேல்தெருவையும் சுரங்கத்தையும் குழப்பிவிடும்.

உயரம் சுமார் 2,000 மீட்டர். இறங்கிய அன்றே நடக்கக் கிளம்பினால் மூச்சு வாங்கும். மறுநாள் காலை வையுங்கள். கல் பாவிய தெரு வழுக்கும், பிடிமானமுள்ள ஷூ அவசியம்.

அல்ஹோந்திகா என்ற தானியக் கிடங்கில் நிதானமாக நில்லுங்கள். 1810 செப்டம்பர் 28 அன்று, ஸ்பெயின் ஆட்சிக்கு எதிராக விடுதலைப் போரைத் தொடங்கிய பாதிரியார் இதால்கோவின் புரட்சிப்படை இதைக் கைப்பற்றியது. மறு ஆண்டு இதால்கோவும், உடன் போராடிய தலைவர்களான அயெந்தே, அல்தாமா, ஹிமேனெஸ் மூவரும் கொல்லப்பட, அவர்கள் தலைகள் 1821 வரை கட்டடத்தின் நான்கு மூலைகளில் கூண்டில் தொங்கின. அண்ணாந்து பாருங்கள், மூலைக்கு ஒரு பெயர் இருக்கும். உள்ளே அருங்காட்சியகம், திங்கட்கிழமை போகாதீர்கள், பூட்டியிருக்கும்.

அந்தக் கிடங்குச் சண்டையின் நாயகனாகப் போற்றப்படும் சுரங்கத் தொழிலாளி பீப்பிலாவின் சிலை நிற்கும் குன்றைக் கடைசியில் வையுங்கள். ஹுவாரெஸ் நாடக அரங்கின் பின்னாலிருந்து இழுவை ரயிலில் ஏறி, படிவழியே இறங்கினால் ஏறும் சிரமம் மிச்சம். கட்டணம் கேட்காத 'இலவச' வழிகாட்டி நடைகளில் வழிகாட்டியின் வருமானமே நீங்கள் தரும் அன்பளிப்புதான். சில்லறை பெசோ கையில் இருக்கட்டும்.