நெதர்லாந்து மாகாணங்களில் மன்னரின் பிரதிநிதியாகத் தொடங்கிய ஸ்டாட்ஹோல்டர் பதவிக்குச் சட்ட அடிப்படை எது?

நீங்கள் தேடுவதுபோல ஒரே சட்டம் என்று ஒன்று கிடையாது. 1581இல் அந்த மாகாணங்கள் தங்கள் மன்னரான ஸ்பெயினின் இரண்டாம் பிலிப்பையே நீக்கிய பிறகு அவருடைய பிரதிநிதி எப்படி நீடித்தார் என்ற உங்கள் குழப்பம் நியாயமானதுதான். பதில் நியமனப் பத்திரத்தில் இருக்கிறது.

பின்னாளில் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய ஆரஞ்சு வில்லியமை ஹாலந்து, சீலாந்து, யூட்ரெக்ட் மூன்று மாகாணங்களுக்கும் 1559இல் நியமித்தவர் இரண்டாம் பிலிப். 1572 ஜூலையில் டோர்ட்ரெக்ட்டில் கூடிய ஹாலந்து மாகாணச் சபை, மன்னரை எதிர்த்துக்கொண்டே வில்லியமை மன்னரின் ஸ்டாட்ஹோல்டராக ஏற்றது. கெட்டிக்காரத்தனமான சட்டப் புனைவு! 1585இல் வில்லியமின் மகன் மோரிஸை நியமித்தபோதோ பத்திரம் மாகாணச் சபையுடையது. ஆக, இறையாண்மை சபைக்கு. ஸ்டாட்ஹோல்டர் அதன் ஊழியர். ஆனாலும் நகரங்கள் தரும் இரட்டிப்புப் பெயர்ப் பட்டியலிலிருந்து நீதிபதிகளைத் தேர்ந்தது போன்ற பழைய ஆட்சியாளர் உரிமைகள் கைவிட்டுப் போகவில்லை. சிக்கலே அங்கேதான்.

பலர் சறுக்குமிடம்: மாகாணங்களின் ஒன்றியப் படைக்கான தலைமைத் தளபதிப் பதவி, எல்லா மாகாணங்களுக்கும் பொதுவான பொதுச் சபை தந்தது, அது வேறு பத்திரம். இரண்டையும் கலக்காதீர்கள். ஃப்ரீஸ்லாந்தைத் தனியாகப் பாருங்கள், அங்கே பதவியில் இருந்தது வில்லியமின் நாசோ குடும்பத்தின் இன்னொரு கிளை. ஹாலந்து 1667இல் பதவியையே ஒழித்து, 1672இல் மீட்டது. 1674இல் ஆண்வழிப் பரம்பரையாக்கியது. எனவே எந்த மாகாணம், எந்த ஆண்டு என்று முதலில் முடிவுசெய்துவிட்டுப் பத்திரத்தைத் தேடுங்கள்.