கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிறார்

கேள்வி: திருமங்கலம் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறோம். மாமனார் இறந்து எட்டு மாதமாகிறது. என் கணவர் (42) ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பூ எடுக்கிற வேலை இல்லாத நாளிலும் மூன்று மணிக்கே விழித்துத் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறார். நெஞ்சை அடைக்கிறது என்பார். கேட்டால் "ஒண்ணுமில்ல, கேஸ்தான்" என்கிறார். எப்படிப் பேச வைப்பது?
– ஒரு வாசகி

பதில்: முதலில் நெஞ்சைப் பாருங்கள். இந்த வயதில் நெஞ்சடைப்பைக் கேஸ் என்றோ கவலை என்றோ நாமாக முடிவுகட்டக் கூடாது. ஈசிஜி, ரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். வலி கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தால் உடனே 108.

அழாதது மட்டுமே நோயல்ல. அழாமலே துக்கம் ஆறுகிறவர்கள் உண்டு. அவருடைய தூக்கமும் எரிச்சலும்தான் எனக்குக் கவலை தருகின்றன. நம் ஊர் இழவு வீட்டில் பெண்களுக்கு ஒப்பாரி இருக்கிறது. கொள்ளி வைத்த மகனோ பந்தல், சாப்பாடு, பதினாறாம் நாள் செலவு என்று ஓடி ஓய்வதற்குள், துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் போய்விடுகிறார்கள்.

ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1990-களில் சிலருக்குச் சோகக் காட்சிகளைக் காட்டி, முகத்தில் எதுவும் தெரியக் கூடாது என்றார்கள். முகம் அடங்கியது, சோகம் குறையவில்லை, இதயமும் ரத்தக்குழாய்களும் கூடுதலாக உழைத்தன. அடக்குகிறவரோடு பேசியவரின் ரத்த அழுத்தமும் ஏறியதாக 2003-இல் வந்த ஆய்வு சொல்கிறது. வீடே பதற்றமாக இருந்தால் அது உங்கள் குறையல்ல.

"அழுதுடுங்க, லேசாயிரும்" என்று சொல்லாதீர்கள். எதிரே உட்கார வைத்து விசாரித்தாலும் வாய் மூடிக்கொள்ளும். பூ எடுக்கும்போதோ வண்டியில் போகும்போதோ, "மாமா போனதுல இருந்து நீங்க தூங்குறதே இல்ல. எனக்கும் அவுக ஞாபகமாவே இருக்கு" என்று சொல்லிவிட்டு மௌனமாக இருங்கள். பதில் வந்தால் புத்தி சொல்ல வேண்டாம். வராவிட்டால் நாலு நாள் கழித்து இன்னொரு முறை.

பேசவே வராதவர், தினம் 15–20 நிமிடமாக மூன்று நான்கு நாள் மனதில் உள்ளதை எழுதிப் பார்க்கலாம். யாரும் படிக்கக் கூடாது. கிழித்துப் போட்டாலும் சரி. எழுத எழுதப் பாரம் கூடினால் நிறுத்திவிட வேண்டும்.

தூக்கம், பசி, ஈடுபாடு குறைந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவர் தேவை. அவருக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது என்றே நினைக்கிறேன். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416-ல் (டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்) 24 மணி நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். நீங்களே முதலில் பேசுங்கள். "இருந்து என்ன செய்ய" என்கிற மாதிரி அவர் ஏதாவது சொன்னால், "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அன்றே பூச்சிமருந்து டப்பாக்களை வேறொருவர் வீட்டில் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள்.

கேள்வி: மனநல மாத்திரை தொடங்கினால் விடவே முடியாதாமே?
– வாசகர், மேலூர்

பதில்: மனச்சோர்வு மாத்திரைகள் போதைப் பழக்கமாவதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பத்தாம் நாளே "கேக்கல" என்று விடுவதுதான் வழக்கமான தவறு. குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடர்ந்து, மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றும், தூக்கம் கெடும். பழக்கமாகிவிடுவது அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைதான். அதைச் சீட்டில்லாமல் கடையில் வாங்காதீர்கள்.