‘எங்கள் கதை’ என்று எதை எழுதுவது?

அன்புள்ள அண்ணா,

வணக்கம். மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துக் கோலகுபு பாருவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவள் நான். அம்மா அங்கே முப்பது வருஷத்துக்கு மேல் பட்டை சீவிப் பால்மரம் வெட்டினார். ரப்பரை அழித்து முழுக்கச் செம்பனை (எண்ணெய்ப்பனை) போட்ட பிறகு, தொழிலாளர் வரிசை வீடான லயத்தைக் காலி செய்துவிட்டு டவுனில் மலிவு விலை வீட்டுக்கு வந்தோம். இப்போது ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன்.

சனி, ஞாயிறுகளில் கூட்டாளிகளை மலையேற அழைத்துப் போவேன். அப்புறம் அவர்களுடைய கூட்டாளிகளும் வர ஆரம்பித்தார்கள். இப்போது முன்பின் தெரியாதவர்களும் காசு கொடுத்து வருகிறார்கள். கூடாரம், கேஸ் அடுப்பு, தலைவிளக்கு எல்லாம் வாடகைக்குக் கொடுத்து, ஆட்களையும் அழைத்துப் போகும் சின்னத் தொழிலாக இதை முறைப்படி தொடங்கலாம் என்று இருக்கிறேன்.

இணையத்தளம் செய்து கொடுக்கும் கூட்டாளி, ‘எங்கள் கதை’ என்று ஒரு பக்கம் கட்டாயம் வேண்டும் என்கிறார். அவரே எழுதியும் கொடுத்தார். ‘சிறு வயது முதல் இயற்கையின் மீது தீராத காதல் கொண்ட நான்...’ என்று ஆரம்பிக்கிறது. அது நான் இல்லை அண்ணா. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத நாள்களில் அம்மா விடியுமுன் என்னையும் அவர் வெட்டும் மர வரிசைக்கு, நிரைக்கு, இழுத்துக்கொண்டு போவார். இருட்டு, கொசு, அட்டை. அம்மாவின் தலைவிளக்கு வெளிச்சம் எட்டும் தூரம்தான் எனக்குத் தெரிந்த காடு. பயந்துகொண்டே கற்றுக்கொண்டேன். இதைப் போய் யார் படிப்பார்கள்? வெளிநாட்டு நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் கதைகளைப் படித்தால் மலைப்பாக இருக்கிறது.

அம்மாவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. “நான் மரம் வெட்டி உன்னைப் படிக்க வெச்சது, நீ மறுபடியும் போய் அட்டைக்கடி வாங்கவா?” என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பக்கத்தில் நான் என்ன எழுதட்டும்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

*

அன்புள்ள தங்கைக்கு,

கூட்டாளி எழுதிக் கொடுத்ததை விட்டுவிடுங்கள். நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார். ஆனால் அந்த வரியை மலையேற்றம் நடத்தும் யாருடைய பக்கத்திலும் ஒட்டலாம். ‘பயந்துகொண்டே கற்றுக்கொண்டேன்’ என்று எனக்கு எழுதியிருக்கிறீர்களே, அதை உங்களைத் தவிர யாரும் எழுத முடியாது. உங்கள் பக்கம் அங்கிருந்து தொடங்கட்டும்.

ஏன் என்று சொல்கிறேன். கோலாலம்பூரிலிருந்து ஓர் அம்மா, பத்து வயதுப் பிள்ளையோடு உங்களிடம் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்துச் சிலிங் அருவிக்குப் போக ஆற்றைப் பல இடங்களில் குறுக்கே கடக்க வேண்டும். மேலே எங்கோ மழை கொட்டினால், இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் திரண்டு வந்துவிடும். கெப்பாலா ஆயர் என்று நாம் பயப்படுவது அதைத்தான். தெளிந்த தண்ணீர் கலங்கும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், மேலிருந்து ஓர் இரைச்சல் கேட்கும். பார்த்த நிமிஷமே கரையேறிவிட வேண்டும். ‘இன்னும் கொஞ்சதூரம்தானே, அருவியைப் பார்த்துவிட்டே போய்விடலாம்’ என்று நாலு பேர் கெஞ்சினாலும் திரும்பி நடக்கத் தெரிந்த ஆளா நீங்கள் என்பதுதான் அந்த அம்மாவுக்குத் தெரிய வேண்டியது. இயற்கைக் காதலைப் பற்றி எத்தனை வரி எழுதினாலும் அது அவருக்குத் தெரியாது. காட்டுக்குப் பயப்படக் கற்றவள் என்ற ஒரு வரியில் தெரிந்துவிடும். உங்கள் ஊருக்கே அந்தப் பயத்தில் பங்கு உண்டு. 1883ல் அணை உடைந்து பழைய கோலகுபுவையும் அங்கிருந்த ஆங்கிலேய மாஜிஸ்திரேட்டையும் வெள்ளம் கொண்டுபோனது. அதற்குப் பிறகும் வெள்ளம் விடவில்லை. அதனால்தான் இப்போதிருக்கும் ஊரை வேறு இடத்தில் கட்டினார்கள்.

வெளிநாட்டுக் கதைகள் மலைப்பாக இருப்பதாகச் சொல்கிறீர்கள். பெரும்பாலும் அவற்றை நமக்குப் பாதிதான் சொல்கிறார்கள். பட்டகோனியா என்ற மலையேற்ற உடை நிறுவனத்தைத் தொடங்கிய இவோன் ஷுவினார்ட் 1957ல் பழைய சாமான் கிடங்கில் ஒரு கரி உலை வாங்கி, தானாகவே இரும்படிக்கக் கற்று, பாறை இடுக்கில் அறைந்து கயிறு மாட்டும் ஆணிகளைச் செய்தார். ஓர் ஆணி ஒன்றரை டாலர் என்று காரில் வைத்து விற்றார். எல்லோரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அப்புறம் நடந்தது. 1970 வாக்கில் அமெரிக்காவிலேயே பாறையேற்றச் சாமான்களை அதிகம் விற்றவர் அவர்தான். ஆணியை அடித்து அடித்துப் பிடுங்கியதில் பாறைகள் சிதைந்துபோவதைக் கண்டார். 1972ல், கையாலேயே செருகி எடுக்கும் அலுமினிய ஆப்புகளுக்கு மாறினார். எந்த ஆணியை நம்பி அவர் வியாபாரம் நின்றதோ அந்த ஆணியை விட்டே விலக ஆரம்பித்தார்.

இன்னொரு கதை உங்களுக்கு இதைவிட நெருக்கமானது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் எல்.எல். பீன் என்பவர் 1912ல் ஒரு கடை தொடங்கினார். வேட்டைக்குப் போகும்போதெல்லாம் கால் நனைகிறதே என்று, அடியில் ரப்பரும் மேலே தோலுமாக ஒரு சப்பாத்து தைத்துத் தபாலில் விற்றார். முதல் நூறு ஜோடியில் தொண்ணூறு திரும்பி வந்துவிட்டது. ரப்பரும் தோலும் சேரும் இடத்தில் பிய்ந்துபோனது. எல்லோருக்கும் காசைத் திருப்பிக் கொடுத்தார், கடன் வாங்கினார், குறையைச் சரிசெய்து மறுபடியும் விற்றார். நூறு வருஷம் தாண்டியும் அந்த நிறுவனம் தன் கதையில் அந்தத் தொண்ணூறு ஜோடியை மறைக்கவில்லை.

அவர் ரப்பர் சப்பாத்து தைத்த அதே வருஷங்களில்தான் கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து நம் மக்களைக் கப்பல் கப்பலாக மலாயாத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தார்கள். உலகம் ரப்பருக்கு அலைந்தபோது பால் வெட்டியது உங்கள் கொள்ளுப்பாட்டி தலைமுறை. இந்தக் கதைகளில் நமக்கு இடமில்லை என்று ஒதுங்கி நிற்காதீர்கள்.

சப்பாத்து என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அம்மா வேலைக்குப் போட்டுக்கொண்டு போன கறுப்பு ரப்பர் சப்பாத்தைத்தான் இன்று ‘அடிடாஸ் கம்போங்’ என்று பேர் வைத்து மலையேறுகிறவர்கள் தேடி வாங்குகிறார்கள். கினபாலு மலையில் சுமை தூக்கி ஏறுகிறவர்களின் காலிலும் அதைப் பார்க்கலாம். ஈர மண்ணில் நல்ல பிடிப்பு, ஆற்றில் இறங்கி ஏறினாலும் துணி போல் ஊறிக் கனக்காது, விலையும் சொற்பம். உங்கள் வாடகைச் சாமான் பட்டியலில் அது முதலில் இருக்கட்டும். எந்த அளவு எடுப்பது, உள்ளே எப்படிக் காலுறை போடுவது, அட்டைக்கு என்ன தடவுவது என்பதையெல்லாம் அம்மாவிடம் கேளுங்கள். பயிற்சி வகுப்பில் பிறகு சொல்லித் தருவதில் பாதி அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

தோட்டத்தில் பிறந்தவளுக்கு முதலாளிக் கதை பொருந்துமா என்ற கூச்சம் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960ல், அப்போது அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாக (ரிங்கிட்டாக)ச் சேர்த்தார். மரம் வெட்டிய கைகள்தான் கொடுத்தன. தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அப்படிப் பிறந்து தோட்டங்களையே வாங்கியது. உங்கள் பாட்டியோ தாத்தாவோ அதில் பங்கு வைத்திருந்தார்களா என்று வீட்டில் விசாரியுங்கள். இருந்தால், அதையும் எழுதலாம்.

சரி, அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வெயில் ஏறுமுன் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், அப்போதுதான் பால் நன்றாக ஓடும். அதனால்தான் இருட்டிலேயே பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பு, இருட்டிலேயே நிரை. எந்த நிரை, எத்தனை மரம், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் வேறொருவர் முடிவு. புதரில் பாம்பு இருக்கிறதென்று தெரிந்தாலும் அந்த மரத்தை விட்டுவிட்டு வர முடியாது. மழை பெய்து பட்டை நனைந்தால் வேலை நிற்கும், அன்றைய சம்பளமும் நிற்கும். இத்தனையும் சேர்ந்ததுதான் அம்மாவுக்குக் காடு. அவர் வெறுப்பது மரங்களையா, அந்த ஏற்பாட்டையா என்று ஒருநாள் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். வெட்டுக் கத்தியைக் கீழே வைத்துப் பல வருஷம் ஆன பெண்கள், தங்கள் நிரையில் எந்த மரம் நிறையப் பால் தரும் என்று இன்றும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மேற்பார்வை பார்த்த மண்டோரின் பேச்சு வந்தால்தான் அவர்கள் முகம் மாறும். எப்போது கிளம்புவது, எங்கே திரும்புவது என்று முடிவு செய்யும் உரிமை அம்மாவுக்கு இருந்ததில்லை. உங்களுக்கு இருக்கப்போகிறது. அவருக்குச் சொல்ல என்னிடம் உள்ள பதில் இதுதான்.

ஆனால் மழைநாள் விஷயத்தில் அம்மா பக்கம்தான் நானும். மழைக்காலத்தில் உங்களுக்கும் வருமானம் நிற்கும். வார இறுதியில் மட்டும் ஆள் வரும் தொழில் இது. ரவாங் வேலையை இப்போது விடாதீர்கள். விடும் நாள் வந்தால், சொந்தத் தொழில் செய்வோருக்கான சொக்சோ (அரசின் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பாதுகாப்பில் சேர்ந்துவிட்டு விடுங்கள். அதற்கென்றே 2017ல் சட்டம் வந்திருக்கிறது. இந்திய வணிகர்களுக்கென்று, சிறுதொழிலுக்குக் கடன் தரும் அரசு அமைப்பான டெக்குனில் ஸ்பூமி என்ற கடன் இருக்கிறது, ஆனால் எடுத்த எடுப்பில் கடன் வேண்டாம். நாலைந்து கூடாரம் வாங்க உங்கள் சம்பளமே போதும்.

ஒன்றில் கவனமாக இருங்கள். தோட்ட வாழ்க்கைக்கு இப்போது ஒரு சந்தை வந்திருக்கிறது. பால் பிடித்த பழைய மங்குகளையும் வாளிகளையும் சாப்பாட்டுக் கடைச் சுவரில் அழகுக்கு மாட்டுகிறார்கள். அம்மாவின் கஷ்டத்தை இரக்கம் வாங்குவதற்கு எழுதாதீர்கள். அவர் திறமைசாலி, அவரிடமிருந்து இன்னின்னதைக் கற்றேன் என்று எழுதுங்கள். படிக்கிறவர் பாவப்பட்டு உங்களிடம் வரக்கூடாது, நம்பி வர வேண்டும்.

புக்கிட் கூத்து மலைக்குக் கம்போங் பெர்தாக் கிராமம் வழியாகத்தானே போகிறீர்கள்? உச்சியில் ஆங்கிலேயர் கட்டிய பங்களாவின் புகைபோக்கி இன்னும் மிச்சமிருக்கிறது. ஏறுகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். கீழே குடியிருக்கும் தெமுவான் பூர்வகுடி மக்களைப் பற்றி அநேகமாக யாரும் எழுதுவதில்லை. சிலாங்கூர் ஆற்றில் அணை கட்டியபோது குடியிருப்பை விட்டு இடம் மாற வேண்டி வந்தவர்கள் அவர்கள். அது எப்படி இருக்கும் என்று லயத்தைக் காலி செய்து வந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொழில் தொடங்கியவர்களின் கதைகளில் எனக்குப் பிடிக்காத விஷயம், வழி காட்டியவர்கள் பேரில்லாமல் போய்விடுவது. தெமுவான் வழிகாட்டி ஒருவரை முறையான சம்பளத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். அவர் சம்மதித்தால் அவர் கதையும் அந்தப் பக்கத்தில் இருக்கட்டும்.

அடுத்தது உங்கள் உலு சிலாங்கூர் மாவட்டத்திலேயே நடந்தது. 2022 டிசம்பர் 16 பின்னிரவில் பத்தாங்காலி அருகே ஒரு முகாம் தளத்தின் மேல் மலைச்சரிவு இறங்கி 31 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. அங்கே முகாம் நடத்த உரிமமே இல்லை என்பது பிறகு தெரியவந்தது. உலு சிலாங்கூரில் கூடாரம் வாடகைக்குக் கொடுக்கும் எவரிடமும் வருகிறவர் மனதில் அந்த இரவு இருக்கும். ஆகவே உங்கள் கதைக்கு நேர் கீழேயே உரிமங்களைப் போடுங்கள். எஸ்.எஸ்.எம். எனும் நிறுவனங்கள் ஆணையத்தில் தொழிலைப் பதிவது சுலபம். சொந்தப் பெயரில் என்றால் வருஷத்துக்கு 30 வெள்ளி, வேறு வணிகப் பெயர் என்றால் 60 வெள்ளி, தொழில் தொடங்கி 30 நாளுக்குள் செய்துவிட வேண்டும். காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி, 1992ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டத்தின் கீழ் வழிகாட்டி உரிமம், முதலுதவிப் பயிற்சி ஆகியவைதான் நேரம் பிடிக்கும். அவை கைக்கு வரும்வரை முன்பின் தெரியாதவர்களிடம் காசு வாங்குவதை நிறுத்துங்கள். இதில் உங்களுக்குத் தளர்வு கொடுக்க எனக்கு மனமில்லை.

அதே பக்கத்தில், ஆறு கலங்கினால் திரும்பிவிடுவோம், திரும்பினால் இவ்வளவு காசைத் திருப்பித் தருவோம் என்று எழுதுங்கள். பீன் அந்தத் தொண்ணூறு பேருக்குச் செய்ததை நீங்கள் முன்கூட்டியே சொல்லிவிடுகிறீர்கள். திரும்பிய நாளுக்கும் வழிகாட்டிக்கு முழுக்கூலி கொடுங்கள். மழைநாளில் அம்மாவின் சம்பளம் போனபோது வீடு எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். கூலி போய்விடும் என்ற பயம் இருந்தால், எந்த வழிகாட்டிக்கும் கலங்கிய தண்ணீர் கொஞ்சம் தெளிவாகத்தான் தெரியும். இந்தச் செலவையும் சேர்த்தே விலை போடுங்கள். மற்றவர்களைவிடக் கூடுதலாக வந்தால் வரட்டும், ஏன் கூடுதல் என்று அந்தப் பக்கத்திலேயே சொல்லுங்கள்.

எழுதியதை வெளியிடுமுன் அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். லயத்து நாள்களை வெளியில் பேச விரும்பாதவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு, அதற்கு அவர்களிடம் காரணமும் உண்டு. வேண்டாம் என்று அவர் சொன்னால் அவர் பெயரையும் படத்தையும் விட்டுவிட்டு, நீங்கள் கற்றதை மட்டும் எழுதுங்கள். சம்மதித்தால் தமிழிலும் மலாயிலும் எழுதி எனக்கு அனுப்புங்கள், தமிழைப் பார்த்துத் தருகிறேன். உரிமம் கிடைத்து முதல் குழு கிளம்பும்போது எனக்கும் ஓர் இடம் வையுங்கள். காசு கட்டித்தான் வருவேன்.

அன்புடன்,
அண்ணன்