நேருவின் வெளியுறவுக் கொள்கை: எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது?

கட்டுரையை 1947-இல் தொடங்கினால் எல்லாம் திடீரென முளைத்த மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். சரிதான், இருபது வருடம் பின்னால் போங்கள்.

மனைவி கமலாவின் சிகிச்சைக்காக 1926-இல் ஐரோப்பா போனார் நேரு. அங்கிருந்தபடியே 1927 பிப்ரவரியில் பிரஸ்ஸல்ஸில் நடந்த ஏகாதிபத்திய எதிர்ப்பு மாநாட்டுக்குக் காங்கிரஸ் பிரதிநிதியாகச் சென்றார். சீனா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா என்று பல நாட்டுப் போராளிகளுடன் ஒரே அரங்கில் உட்கார்ந்ததுதான் பெரிய திருப்பம் என்பது என் எண்ணம். நவம்பரில் மாஸ்கோ. டிசம்பரில் சென்னைக் காங்கிரஸில் முழு விடுதலைத் தீர்மானம். ஒரே வருடத்தில் இவ்வளவு! உங்கள் கட்டுரையின் பாதியை இதற்கே தரலாம்.

அப்புறம் 1938-இல் உள்நாட்டுப் போர் நடந்த ஸ்பெயின், 1939-இல் சீனா. வல்லரசு அணிகளிலிருந்து விலகி நிற்போம் என்று 1946 செப்டம்பர் வானொலி உரையிலேயே சொல்லிவிட்டார். ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடிய பாண்டுங் மாநாடு 1955-இல்தான் வருகிறது.

1962-ஐ விட்டுவிடாதீர்கள். சீனப் போரின் நெருக்கடியில் அமெரிக்க அதிபர் கென்னடியிடம் விமானப் படை உதவி கேட்டு அவரே கடிதம் எழுதினார். அணிசேராமை அங்கே எவ்வளவு வளைந்தது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள்.