டெஸ்ட் எல்லாம் நார்மல், ஆனால் தொண்டை அடைக்கிறதே டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 46. போன வருடம் விடியற்காலை 3 மணிக்கு வந்த போனில்தான் தம்பி விபத்தில் இறந்தது தெரிந்தது. அதிலிருந்து போன் மணி அடித்தாலே வயிற்றைக் கலக்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. தொண்டையில் எலுமிச்சம்பழம் சிக்கியதுபோல அடைப்பு வேறு. ஈசிஜி, எண்டோஸ்கோப்பி, தைராய்டு எல்லாம் நார்மல். 'எல்லாம் உன் நினைப்புதான்' என்கிறார் கணவர். அப்படித்தானா டாக்டர்?
- வாசகி, விருதுநகர்

பதில்: இல்லை அம்மா. டெஸ்ட் நார்மல் என்றால் கட்டியோ புண்ணோ இல்லை என்றுதான் அர்த்தம். உங்களுக்கு இருக்கும் அவஸ்தை பொய் என்று அர்த்தம் இல்லை.

'வயிற்றில் புளியைக் கரைக்கிறது' என்று சொல்கிறோமே, உடம்பில் நிஜமாகவே அப்படி ஒன்று நடக்கிறது. பயந்த நொடியில் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்து இதயம் வேகமெடுக்கும். வயிற்றுக்குப் போகும் ரத்தம் குறைந்து கை கால் தசைகளுக்குத் திரும்பும். இரைப்பை மந்தமாகிவிடும், பெருங்குடலோ முடுக்கிவிட்டதுபோல ஆகிவிடும். அதனால்தான் சாப்பாடு இறங்காத அதே நேரத்தில் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. குடல் சுவரில் மட்டும் 10 கோடிக்கு மேல் நரம்பு செல்கள் இருக்கின்றன. மனசு கலங்கினால் வயிறு சும்மா இருக்காது.

அப்புறம் தொண்டை. உணவுக்குழாயின் மேல்முனையில் ஒரு வளையத் தசை உண்டு. மனசு இறுகும்போது, அழுகையை அடக்கும்போது அந்த இடமும் இறுகும். இதை 'குளோபஸ்' என்போம். ஒன்று கவனியுங்கள்: அடைப்பு தெரிவது சோறு விழுங்கும்போதா, வெறும் எச்சில் விழுங்கும்போதா? "சாப்பிடும்போது தெரியலை டாக்டர்" என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். கட்டி என்றால் சோறுதான் முதலில் சிக்கும்.

உங்கள் முழுக் கடிதத்தில் தொண்டையைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது, தம்பியைப் பற்றி ஒரே வரி. அவருக்காக வாய்விட்டு அழுதீர்களா அம்மா? அவரைப் பற்றிப் பேச வீட்டில் யாராவது உட்கார்ந்து காது கொடுக்கிறார்களா? மாத்திரையை விட இதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன்.

போனின் ரிங்டோனை இன்றே மாற்றுங்கள். அந்தச் சத்தத்தோடு உடம்பு அந்தச் செய்தியை முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. படபடப்பு வரும்போது 4 நொடி மூச்சை இழுத்து, 6 நொடி மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் போதும், இதயத் துடிப்பு தணியும். ஒரு வருடம் ஆகியும் குறையாததால் மனநல மருத்துவரைப் பாருங்கள். முதலில் பேசிப் பார்க்க நினைத்தால் அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416, கட்டணம் இல்லை. கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். 'நினைப்புதான்' என்ற வார்த்தையை அவர் விட்டாலே உங்களுக்குப் பாதி பாரம் குறையும்.

சோறு சிக்கினாலோ, எடை குறைந்தாலோ, குரல் கம்மியே இருந்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள். நடக்கும்போது நெஞ்சை அழுத்தி வியர்த்தால் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டு இருக்காதீர்கள், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.