ஒரு சாதாரண நார்வே குடியேறிக் குடும்பத்தின் பழைய காகிதங்களை அமெரிக்காவில் யார் வாங்கிப் பாதுகாப்பார்கள்?

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. அமெரிக்காவுக்கு வந்த நார்வேக்காரர்களின் குடும்ப வரலாறு எப்படி இவ்வளவு நன்றாகப் பாதுகாக்கப்பட்டது என்பது ஒன்று. பிரபலமில்லாத ஒரு குடும்பத்தின் கடிதங்களையும் யாராவது வாங்கிக்கொள்வார்களா என்பது இன்னொன்று.

நான் இருப்பது தெற்கு மினசோட்டா. பிழைப்பு கணினித் துறையில். சனிக்கிழமைகளில் எங்கள் கவுண்டி (மாவட்டம் மாதிரி) வரலாற்றுச் சங்கத்துக்குப் போய்ப் பழைய காகிதங்களை ஸ்கேன் செய்து கொடுக்கிறேன். இந்தப் பக்கத்தில் வந்து சேரும் பெட்டிகளில் நார்வே வம்சாவளிக் குடும்பங்களுடையவை நிறைய. அங்கே பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

"இவ்வளவு நன்றாக" என்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். காகிதம் தப்பித்துவிட்டது, சரி. ஆனால் அதில் இருப்பது யார், எந்தப் பண்ணை, யாருக்கு யார் என்ன உறவு என்பதெல்லாம் பல பெட்டிகளில் தொலைந்துபோய்விட்டது.

காகிதம் இவ்வளவு சேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1825 ஜூலை 4 அன்று ஸ்டவாங்கரிலிருந்து ரெஸ்டொராஷன் என்ற சிறிய பாய்மரக் கப்பலில் 52 பேர் கிளம்பினார்கள். அக்டோபர் 9 அன்று நியூயார்க் வந்து சேர்ந்தபோது 53 பேர்; நடுக்கடலில் ஒரு குழந்தை பிறந்திருந்தது. அடுத்த நூறு ஆண்டுகளில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அவர்கள் பின்னால் வந்தார்கள். பெரும்பாலும் சிறு விவசாயிகள், குத்தகைக்காரர்கள், பண்ணை வேலைக்காரர்கள். ஏழைகள்தான், ஆனால் படிக்கத் தெரிந்தவர்கள். நார்வேயில் 1736 முதல் லூத்தரன் சபையின் திடப்படுத்தல், அதாவது இளம் வயதில் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு, எல்லோருக்கும் கட்டாயம். அதற்கு ஞானோபதேசம் படித்தாக வேண்டும். அதனால் கடிதம் எழுதுவது படித்த மேட்டுக்குடியோடு நின்றுவிடவில்லை.

இந்தக் கடிதங்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. பலர் இதை யோசிப்பதே இல்லை. மினசோட்டாவில் ஒரு வீட்டுப் பெட்டியைத் திறந்தால் கிடைப்பவை நார்வேயிலிருந்து வந்த கடிதங்கள். இங்கிருந்து எழுதியவை எல்லாம் அங்கே ஏதோ ஒரு பண்ணை வீட்டில் இருக்கும், அல்லது எரிந்திருக்கும். "நீ கேட்டபடி மாட்டை விற்றுவிட்டோம்" என்று இங்கே ஒரு வரி கிடைக்கும். எந்த மாடு, ஏன் விற்கச் சொன்னார் என்பது கடலுக்கு அந்தப் பக்கம். அதனால் நார்வேயிலிருக்கும் தூரத்துச் சொந்தங்களையும், ஹாமர் ஊருக்குப் பக்கத்தில் உள்ள குடியேறிகள் அருங்காட்சியகம் போன்ற இடங்களையும் விசாரிக்காமல் ஒரு குடும்பக் கதையை முழுசாக எழுத முடியாது. இதை முதலில் உணர்ந்தவர்களில் தியடோர் பிளெகன் என்ற வரலாற்றாசிரியர் முக்கியமானவர். 1928-29இல் அவர் நார்வேக்கே போய், அமெரிக்காவிலிருந்து குடியேறிகள் ஊருக்கு எழுதிய கடிதங்களைத் தேடித் திரட்டினார்.

அவர் சார்ந்திருந்த அமைப்புதான் உங்கள் கேள்விக்கு நேரடியான பதில். 1925 ஜூனில், முதல் கப்பல் வந்து நூறாண்டு ஆனதை மினசோட்டா மாநிலக் கண்காட்சித் திடலில் பெரிய விழாவாகக் கொண்டாடினார்கள். ஜனாதிபதி கூலிட்ஜே வந்து பேசினார். விழா முடிந்தால் எல்லோரும் கலைந்துவிடுவதுதான் வழக்கம். இங்கே அப்படி நடக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 6 அன்று நார்த்ஃபீல்ட் ஊரிலுள்ள செயின்ட் ஓலாஃப் கல்லூரியில் நார்வே-அமெரிக்க வரலாற்றுச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார்கள். முதல் செயலாளரும் ஆவணக் காப்பாளரும் நாவலாசிரியர் ரோல்வாக். தானே 1896இல் கப்பலேறி வந்த மீனவர் வீட்டுப் பிள்ளை. வந்த தலைமுறையில் பலர் உயிரோடு இருக்கும்போதே சேகரிக்க ஆரம்பித்தார்கள் என்பதுதான் இதில் பெரிய விஷயம். இன்றும் அந்த ஆவணக் காப்பகம் அதே கல்லூரியில் இருக்கிறது.

அவர்கள் அவசரப்பட்டதற்குக் காரணமும் இருந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் அந்நிய மொழி என்றாலே சந்தேகம். 1918 மே மாதம் அயோவா ஆளுநர் ஹார்டிங் ஓர் உத்தரவு போட்டார்: பள்ளியில், பொது இடத்தில், தொலைபேசியில், ஏன், ஆலய வழிபாட்டில்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது. அந்த உத்தரவு சில மாதங்கள்தான் நீடித்தது. ஆனால் அந்தக் காலத்து அச்சமும், ஏற்கெனவே ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டிருந்த பிள்ளைகளும் சேர்ந்து கொஞ்ச காலத்தில் நார்வே மொழியை வீட்டை விட்டு அனுப்பிவிட்டன. பேரப்பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியாது. போதாக்குறைக்குப் பழைய கடிதங்கள் காத்திக் என்ற பழைய பாணிக் கையெழுத்தில் இருக்கும். இன்றைய நார்வேக்காரரே திணறுவார். ட்ரான்ஸ்கிரிபஸ் மாதிரி கையெழுத்து படிக்கும் மென்பொருள் இப்போது ஓரளவு உதவுகிறது. ஆனால் ஆள் பெயர், ஊர்ப் பெயர் வந்தால் அதை நம்பாதீர்கள்.

பெயர் என்றதும் சொல்ல வேண்டும். அங்கே பரம்பரைக் குடும்பப் பெயர் சட்டப்படி கட்டாயமானதே 1923இல்தான். அதற்கு முன், கிராமங்களில் நம் இனிஷியல் மாதிரி அப்பா பெயர்தான் கூட வரும்: ஓலேயின் மகன் லார்ஸ் என்றால் லார்ஸ் ஓல்சன். அதோடு குடியிருக்கும் பண்ணையின் பெயர். பண்ணை மாறினால் அந்தப் பெயரும் மாறும். அமெரிக்காவுக்கு வந்ததும் ஒரு தம்பி ஓல்சன் ஆனார், அண்ணன் பண்ணைப் பெயரை வைத்துக்கொண்டார், இன்று அந்த இரண்டு குடும்பங்களுக்கும் தாங்கள் சொந்தம் என்றே தெரியாது. இந்த முடிச்சை அவிழ்க்க விஸ்கான்சின் மேடிசனில் ஒரு தனி வம்சாவளி மையமும் நேசெத் நூலகமும் இருக்கின்றன. நார்வேயின் டிஜிட்டல் ஆவணக் காப்பகத்தில் 1865 மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் ஆலயப் பதிவேடுகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் எந்த ஊர், எந்தப் பண்ணை என்று தெரியாமல் உள்ளே போனால் ஆயிரம் லார்ஸ் ஓல்சன்கள் வருவார்கள்.

அதனால்தான் குப்பைக்குப் போகும் காகிதங்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். பூவேலை வரைந்த பயணப் பெட்டி, முன்பக்கம் பெயரும் ஆண்டும் எழுதியது, வரவேற்பறையில் அழகாக உட்கார்ந்திருக்கும். உள்ளே இருந்தது? "பழைய ரசீதுகள்தான், தூக்கிப் போட்டுவிட்டோம்." அந்த ரசீதுகளோடு போதகர் கொடுத்த ஊர் மாறும் சான்றிதழ் இருந்திருக்கலாம். பெரியம்மைத் தடுப்பூசிச் சான்றிதழ்கூட இருந்திருக்கலாம். ஒரு பண்ணையைக் கண்டுபிடிக்க அதில் ஒன்று போதும். வேதாகமத்தை வைத்துக்கொண்டு கடித உறைகளைக் கிழித்துப் போடுபவர்களும் உண்டு. தபால் முத்திரை, விலாசம், துக்கச் செய்தி என்று காட்டும் கறுப்புக் கரை எல்லாம் உறையில்தானே இருக்கிறது.

உங்களிடம் அப்படி ஒரு பெட்டி இருந்தால், வரிசையைக் கலைக்காதீர்கள். எந்தக் கடிதம் எதோடு கட்டப்பட்டிருந்தது என்பதும் ஒரு தகவல். குண்டூசி, கிளிப், ரப்பர் பேண்டை எடுத்துவிடுங்கள். செல்லோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யவே வேண்டாம். அமிலமில்லாத உறைகளில் போட்டு வீட்டின் நடுப்பகுதியில் வையுங்கள். இந்த ஊர் அடித்தளம் ஈரம், பரண் கோடையில் அடுப்பு. புகைப்படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால், ஓரமாக, பெயர் எழுதுங்கள். பேனா வேண்டாம். தெரியாத முகமென்றால் அட்டையின் அடியில் அச்சாகியிருக்கும் ஸ்டூடியோ பெயரையும் ஊரையும் பாருங்கள். இதெல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய அத்தை யாராவது இருந்தால் படங்களை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். ஃபோனில் குரலைப் பதிவு செய்யுங்கள். ஸ்கேனர் காத்திருக்கும்.

யாரிடம் கொடுப்பது? கடிதம், நாட்குறிப்பு, கணக்குப் புத்தகம் என்றால் நார்த்ஃபீல்டில் உள்ள சங்கத்தைக் கேட்கலாம். பெட்டி, உடை, மரவேலை என்றால் அயோவா டெக்கோராவில் உள்ள வெஸ்டர்ஹைம் என்ற நார்வே-அமெரிக்க அருங்காட்சியகம். அதன் சேகரிப்பு 1877இல் லூத்தர் கல்லூரியில் தொடங்கியது. ஒரே ஊரைச் சுற்றிய காகிதங்கள் என்றால் அந்த கவுண்டி வரலாற்றுச் சங்கமே சரியான இடம் என்பது என் கட்சி. முதலில் எழுதிக் கேளுங்கள், பெட்டியோடு போய் நிற்காதீர்கள். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கொடுக்கும்போது நன்கொடைப் பத்திரத்தில் கையெழுத்து கேட்பார்கள். அதில் காப்புரிமை பற்றிய வரியைக் கவனியுங்கள்: கடிதத் தாள் உங்களுடையதாக இருக்கலாம், ஆனால் அச்சாகாத கடிதத்தின் காப்புரிமை எழுதியவருக்கும், அவர் இறந்து 70 ஆண்டுகள் வரை அவருடைய வாரிசுகளுக்கும் உரியது. குடும்பத்தில் இன்னும் உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய சங்கடமான சேதி ஏதாவது இருந்தால், குறிப்பிட்ட காலம் வரை திறக்கக் கூடாது என்று நிபந்தனை போட முடியுமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.