கேள்வி பதில்: ராக் கதவைத் தொட்டால் ஷாக்

கேள்வி: எங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில், சுவரில் பொருத்திய இரும்பு ராக்கில் இரண்டு நெட்வொர்க் ஸ்விட்ச்சும் (கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) ஒரு ரூட்டரும் இருக்கின்றன. கதவைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. வயரிங் செய்தவர், "கம்ப்யூட்டர் சாமான் என்றால் அப்படித்தான், ரப்பர் மேட் போடுங்கள்" என்கிறார். போதுமா? – ஆசிரியை, தஞ்சாவூர்.

பதில்: போதாது. பிள்ளைகள் புழங்கும் இடம் அது. இன்றே மெயினை அணைத்துவிடுங்கள்.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஸ்விட்ச்சின் பவர் சப்ளைக்குள், மின்கம்பிகளுக்கும் உலோக உடலுக்கும் நடுவே இரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. அவற்றின் வழியே மிகச் சிறிதளவு மின்சாரம் எப்போதும் கசியும். அது எர்த் வயரில் இறங்கிவிட்டால் யாருக்கும் தெரியாது. எர்த் இல்லையென்றால் அந்த உலோக உடலிலேயே நிற்கும். 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி அங்கே இருக்கும். ஒரே ராக்கில் திருகிய கருவிகள் எல்லாவற்றின் கசிவும் ஒன்றுசேரும். உங்கள் விரலில் பட்டது அதுதான்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வேறு. நாளைக்கு உள்ளே ஒரு வயர் உரசி, பேஸ் (மின்சாரம் வரும் கம்பி) உலோக உடலைத் தொட்டால், எர்த் இல்லாத ராக்கில் எம்.சி.பி. (கோளாறு வந்தால் தானே அணையும் பாதுகாப்பு ஸ்விட்ச்) விழாது. ராக் முழுவதும் 230 வோல்ட் காத்திருக்கும். ரப்பர் மேட்டில் நிற்பவர் இன்னொரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தால் அந்த மேட்டால் என்ன பயன்?

உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை அழைத்து, அவர் சாக்கெட்டைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பச்சை வயர் எர்த் முனையில் இருக்கிறதா, அது எர்த் குழி வரை போகிறதா? சிலர் நியூட்ரலிலிருந்து (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) ஒரு துண்டு வயரை எடுத்து எர்த் முனையில் மாட்டிவிடுவார்கள். டெஸ்டரிலும் மல்டிமீட்டரிலும் எல்லாம் சரியாகவே தெரியும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் ராக்கே பேஸ் ஆகிவிடும். இதைச் செய்பவரை நான் மன்னிக்கவே மாட்டேன்.

பிளக்கின் நீளமான, தடித்த பின்தான் எர்த். முதலில் இணைந்து கடைசியில் பிரிவதற்காகவே அதை நீளமாக வைத்திருக்கிறார்கள். அதை ஒடித்தும் இரண்டு பின் அடாப்டரில் செருகியும் வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். நடுவில் யூ.பி.எஸ். இருந்தால் அதைத் தாண்டியும் எர்த் தொடர வேண்டும். ராக் சட்டத்திலிருந்து தனியாக ஒரு பச்சை–மஞ்சள் வயர் எர்த்துக்குப் போகட்டும். திருகும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட வேண்டும். கதவுக்கும் தனி வயர் தேவை, பெயின்ட் அடித்த கீலை நம்ப முடியாது. எர்த்தை முடித்த பிறகே பவர் வயரைச் செருகச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஸ்விட்ச்சில் இரண்டு பவர் சப்ளை இருக்கிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருக்கிறோம். சரியா? – வாசகர், ஈரோடு.

பதில்: அந்த பாக்ஸ் போனால் இரண்டும் போகும். ஒன்றை யூ.பி.எஸ்ஸிலும் மற்றதை வேறு யூ.பி.எஸ்ஸிலோ தனி லைனிலோ கொடுங்கள். ஒன்று நின்றால் மொத்தச் சுமையும் மற்றதன் தலையில் விழும் என்பதால், ஒவ்வொரு லைனிலும் பாதித் திறனுக்கு மேல் ஏற்றாதீர்கள். 6 ஆம்பியர் பிளக் உள்ள பாக்ஸ் 1,380 வாட்டுக்கு மேல் தாங்காது; அதில் இன்னொரு பாக்ஸைச் செருகவே கூடாது. ஸ்விட்ச்சைத் திறக்கும் முன் இரண்டு வயரையும் உருவ வேண்டும். இரண்டிலும் எண் எழுதிய சீட்டு ஒட்டி வையுங்கள்.